வலது கை பெருத்த தெரு

பெயிண்டரின் இளைய மகள் ஓடினால் அவளுக்கு வியர்க்காது, அவள் அப்பாவுக்குத்தான் வியர்க்கும். அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது, டென்னிஸ் கிளப்பின் சுற்றுச்சுவருக்கு அவர் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த கோடையில் இது தொடங்கியது. லீவு விட்ட பிள்ளையை எங்கே விடுவது என்று தெரியாமல் கூடவே கூட்டிப்போனார். பொழுது போகாமல் பந்து பொறுக்க ஆரம்பித்தவள், பொறுக்கிய பந்தை அடிக்கவும் ஆரம்பித்து, சுவர் வேலை முடிவதற்குள் தன்னைவிடப் பெரிய பையன்கள் இரண்டு பேரைத் தோற்கடித்துவிட்டாள். அன்று முழுக்க ஏணிமேல் நின்ற இடத்தில் நின்று பிரஷ் பிடித்திருந்த பெயிண்டர், நாய் துரத்திய மனிதனைப் போல இரைக்க இரைக்க இறங்கிவந்து குழாயடியில் தலையைக் கொடுத்தார். வயதாகிறது என்று மனைவியிடம் சொன்னார். அவருக்கு அப்போது முப்பத்தாறு.

கிளப்பில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவரை எல்லோரும் விசில் மாஸ்டர் என்பார்கள். ஊதாத நேரத்திலும் விசிலைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். அவருக்கு இந்தப் பெண் பெரிய தலைவலியானாள். மற்ற பிள்ளைகள் கயிறு தாண்டி, குந்தி எழுந்து, படியேறி இறங்கி நாக்குத் தள்ளி நிற்கும்போது, இவள் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து அடுத்தது என்ன மாஸ்டர் என்று கேட்பாள். ஏமாற்றுகிறாள் என்றே முடிவுகட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை புகார் சொல்ல வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் மகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். உள்ளே நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் பெயிண்டரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். வாசலில் கயிறு நின்றதும் நாடி இறங்கியது, மறுபடி சுழன்றதும் ஏறியது. உலகத்தில் இப்படியும் நடக்கும் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் ஆனது. பயிற்சி கொடுக்க வேண்டிய ஆள் யார் என்று தெரிந்துவிட்ட நிம்மதியில், சிகரெட்டை விட வேண்டும், காலையில் முட்டை சாப்பிட வேண்டும், நேரத்தோடு படுக்க வேண்டும் என்று பெயிண்டருக்கு அங்கேயே சட்டம் போட்டார். எல்லாவற்றுக்கும் சரி என்ற பெயிண்டர் பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டார்.

"பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாஸ்டர். தெரிஞ்சா மெதுவா ஓட ஆரம்பிச்சிடுவா."

பந்தயங்கள் பெரிதாகப் பெரிதாக, களைப்பும் பெரிதாகி ஒரு ஆளுக்குள் அடங்காமல் போனது. அவள் வெளியூர்களில் ஆட ஆரம்பித்த வருஷம் அது பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவிடம் போனது. நாட்டின் சின்ன வயசு ஆட்டக்காரர்களில் அவள் பெயர் பத்திரிகையில் வந்த வருஷம், எதிர்வரிசை மளிகைக் கடைக்காரர், முனையில் இருக்கும் சலூன்காரர், மாடி வீட்டு ரிட்டயர்டு குமாஸ்தா என்று தெரு முழுக்கப் பரவியது. சின்னச் சின்னக் களைப்பு மட்டும் வழி மாறாமல் அப்பாவிடமே வந்துகொண்டிருந்தது. அவள் சர்வீஸ் போடும் நேரங்களில் சலூன்காரர் கத்தியைக் கையில் எடுப்பதில்லை. பாதி சவரத்தோடு வாடிக்கையாளர்கள் பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள். கட்டிலிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு நடப்பதையே பயணமாக நினைத்த குமாஸ்தா, குறுக்கெழுத்துப் போட்டபடியே தொப்பை கரைந்தார். அவள் மட்டை பிடிப்பது வலது கையில் என்பதால் தெருவில் எல்லோருக்கும் வலது கை பெருத்தது. தையல்கார அக்கா அந்தத் தெருவாசிகளுக்கு மட்டும் வலது கைச் சட்டைத்துணியை ஒரு விரல் அகலமாக வெட்டினாள், அதற்குத் தனிக் கூலி வாங்கவில்லை. விசில் மாஸ்டர் ஆரோக்கிய வகுப்பு என்று பொய்ப் பெயர் வைத்து, காலை ஆறு மணிக்குத் தெருவையே வரிசையில் நிறுத்தி, முதலில் உடம்பைச் சூடாக்கு, அப்புறம் ஓடு, ஓடி முடித்ததும் தசையை நீட்டி விடு என்று ஊதி ஊதிக் கற்றுக்கொடுத்தார். இவர்களுக்கெல்லாம் திடீரென்று உடம்புமேல் என்ன அக்கறை என்று சிரித்துக்கொண்டே மகள் அவர்களைக் கடந்து ஓடினாள்.

பதினேழு வயதில் வெளிநாட்டில் முதல் கோப்பையை வென்றுவிட்டு அவள் திரும்பியபோது அப்பாவின் கால் மாவுக்கட்டில் இருந்தது. ஏணி சறுக்கிவிட்டது என்றார். என்றைக்கு என்று கேட்டாள். சனிக்கிழமை என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டதும் அவர் பேச்சை மாற்றப் பார்க்க, பொய் சொல்லத் தெரியாத அம்மா உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டாள். மூன்றாவது செட்டில், எட்டவே எட்டாது என்று எல்லோரும் கைவிட்ட ஒரு பந்தை அவள் ஓடிப்போய் எடுத்த நேரம் அது. மகள் அழவில்லை. மட்டையை ஆணியில் மாட்டினாள், ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள், இனிமேல் ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்படியே வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் யாருக்கும் சரியாகப் பசிக்கவில்லை, படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. குமாஸ்தாவுக்குப் பழைய இடுப்பு வலி திரும்பிவந்தது. கடைசியில் எல்லோரும் ஒன்றுசேர்ந்து, ஆறுதல் சொல்ல அல்ல, சண்டை போடவே வந்தார்கள். மளிகைக் கடைக்காரர் தன் பழைய பெல்ட்டை எடுத்துவந்து, இடுப்பில் ஒன்றரைச் சுற்று சுற்றிக் காட்டினார். தையல்கார அக்கா, நாலு படி ஏறினாலே இழுத்துக்கொண்டிருந்த தன் மூச்சை யார் சரிசெய்தது என்று கேட்டாள். யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அவர்கள் பேசி ஓய்ந்த பிறகு அப்பா வாயைத் திறந்தார்.

"உன் களைப்பு வந்தா, ஒரு ராத்திரி தூங்கினா போயிடுது பாப்பா. நீ இப்படி உட்கார்ந்திருக்கியே, இது எவ்வளவு தூங்கினாலும் போகல."

அவள் அவருடைய மாவுக்கட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு, பந்தய நாட்களில் இடுப்பு உயரத்துக்கு மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு கட்டிலுக்கடியிலிருந்து ஷூவை எடுத்தாள். அதனால் அந்த ஊரில் பல சுவர்கள் இன்றைக்கும் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறமாக இருக்கின்றன, வீட்டுக்காரர்களும் காரணம் கேட்பதில்லை. தெருவில் வீடு காலியானால், தண்ணீர் வரும் நேரத்தோடு மூச்சு வாங்கும் நேரத்தையும் சேர்த்தே புரோக்கர் சொல்லிவிடுவார். அதற்குப் பயந்து வீடு வேண்டாம் என்று போனவர்கள் குறைவு.

உலகமே பார்க்கும் பெரிய பந்தயம் ஒன்றின் இறுதி ஆட்டத்துக்கு அவள் வந்தபோது வயது இருபத்திரண்டு. விசில் மாஸ்டர் அவளோடு கடல் தாண்டிப் போயிருந்தார். அவர் இல்லாத தைரியத்தில் தெரு ஒரு முடிவெடுத்தது. இவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு எவ்வளவு தெம்பு தேவைப்படுமோ, அதில் ஒரு துளியையும் வீணாக்கக் கூடாது என்று கடைகளை அடைத்துவிட்டு, முந்தின நாளிலிருந்தே எல்லோரும் படுத்துவிட்டார்கள். விரலை அசைத்தவர்களைக்கூடப் பக்கத்தில் இருப்பவர்கள் அதட்டினார்கள். டிவியையும் படுத்தபடியே பார்த்தார்கள். முதல் செட் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. அவள் கால்கள் இரும்பாகக் கனத்தன. அவளுடைய நெற்றியில், அவள் ஆட ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு சொட்டு வியர்வை இறங்கியதை டிவி பெரிதாகக் காட்டியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில் பெயிண்டரின் போன் அடித்தது.

"அங்க எல்லாரும் என்ன பண்றீங்க?" என்று விசில் மாஸ்டர் கேட்டார்.

"படுத்திருக்கோம் மாஸ்டர். தெம்பைச் சேர்த்து வெச்சிருக்கோம்."

"படுத்தே கெடுத்தீங்க! சூடாகாத உடம்புல களைப்பு எப்படிங்க ஏறும்? அத்தனையும் அவமேலயே திரும்பி இறங்குது. எழுந்திருங்க முதல்ல!"

போனுக்குள்ளிருந்தே விசிலை ஊதினார். பெயிண்டர் கட்டிய கைலியோடு தெருவில் குதித்து, கதவு கதவாகத் தட்டினார். தூங்கிய உடையும் கலைந்த தலையுமாகத் தெரு வெளியே வந்து, கையைச் சுழற்றி, முழங்காலைத் தூக்கி, நின்ற இடத்திலேயே ஓடியது. மளிகைக் கடைக்காரர் டிவியைத் தூக்கிவந்து வாசலில் வைத்தார். அடுத்த சில நிமிஷங்களில் அவருக்கு வலது தோளில் சுரீரென்றது. வந்துவிட்டது, வந்துவிட்டது என்று அவர் கத்தியபோது டிவியில் அவள் நெற்றி காய்ந்திருந்தது. இரண்டாவது செட்டை அவள் வாரிக்கொண்டாள். மூன்றாவது செட் இழுபறியாகி, மதிய வெயில் சாயும்வரை நீண்டது. குமாஸ்தா மாடிப்படியில் உட்கார்ந்தார். சலூன்காரர் சுவரைப் பிடித்தபடி சரிந்தார். தையல்கார அக்கா, இன்னும் கொஞ்சம் தாங்குவேன் என்று சொல்லிக்கொண்டே தரையில் படுத்தாள். கடைசிப் பந்து வலைக்கு இரு பக்கமும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தபோது தெருவில் ஓடிக்கொண்டிருந்தது பெயிண்டர் ஒருவர்தான். மகள் மூலைக்கு ஓடி எடுத்தாள், அவர் தள்ளாடினார். எதிர்மூலைக்கு ஓடி எடுத்தாள், அவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் எட்டிப் பாய்ந்து அடித்த பந்தை எதிராளி வலையில் போட்ட நொடியில் அவருடைய முழங்கால் மடங்கியது. தெருவில் படுத்துக் கிடந்த அத்தனை பேரும், கைதட்டத் தெம்பில்லாமல், படுத்தபடியே சிரித்தார்கள். ஐந்து நிமிஷம் ஆடியவள்போல் நிற்கிறாயே, இது எப்படி என்று அங்கே நிருபர்கள் மைக்கை நீட்டினார்கள். எங்கள் தெருவில் போய்க் கேளுங்கள் என்றாள். அவர்கள் அதை அடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அவள் கோப்பையோடு திரும்பிய அன்று முற்பகலிலும் தெரு தூங்கிக்கொண்டிருந்தது. கதவுகள் திறந்து கிடந்தன. மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டைமேலும், சலூன்காரர் தன் நாற்காலியிலும் குறட்டை விட்டார்கள். ஒருவரையும் எழுப்பாமல் வீட்டுக்குள் வந்தவள், கோப்பையைப் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கட்டிலில் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. இத்தனை வருஷம் தனக்காக ஓடிய கால்கள் அவை. வலது கையால் ஒவ்வொரு தசையாகத் தேடிப் பிடித்து அழுத்தினாள், முறுக்கு இளகும்வரை நீவி விட்டாள். அவர் கண்ணைத் திறக்காமலே முனகினார்.

"போதும் பாப்பா, எனக்குக் கை வலிக்குது."

அவள் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.