சோற்றில் நின்ற குச்சிகள்

1

கருத்தரங்கு ஒன்றுக்காகத் தொடங்கியது இது. ‘அறிவியல் மங்காவும் ஜப்பானின் கூட்டுத் துயரமும்’ என்று கட்டுரை கேட்டார்கள். ‘பேரிடரை நேருக்கு நேர் பார்க்க அஞ்சும் சமூகம், அதை விண்வெளிக்கு அனுப்பி...’ என்று எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்தது. கட்டுரையை விட்டுவிட்டுக் கதை எழுதினேன்.

2

ஷியோமி தோக்கியோவில் வாரப் பத்திரிகைக்கு மங்கா, அதாவது படக்கதைத் தொடர், வரைபவள். நான்கு ஆண்டுகளுக்கு முன் சுனாமி அவள் அம்மாவைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. வடக்கே, கடலோரத் தற்காலிகக் குடியிருப்பில் இருக்கும் அப்பா ஹெய்சோ, தினமும் மேசையில் மனைவிக்கும் ஒரு கிண்ணம் சோறு வைக்கிறார். பயணம் போனவர்களுக்கு வைப்பதுபோல, சாப்பிடும் குச்சிகளைப் படுக்கவைத்து. செத்தவர்களுக்கென்றால் குச்சியைச் சோற்றில் குத்தி நிறுத்த வேண்டும்.

அப்பாவும் மகளும் அம்மாவைப் பற்றிப் பேசுவதில்லை. தொடரில் காணாமல்போன விண்கல விமானி மிஹோவைப் பற்றித்தான் தொலைபேசியில் பேசுவார்கள்.

(தொடரில் அலை கிடையாது. பத்திரிகை ஆசிரியர் நுகாரியாவின் உத்தரவு: “தண்ணி வேணாம், வாசகர் மனசு புண்படும். ராட்சசனை விட்டு ஊரை மிதிங்க.” மிதித்தாள். யார் மனமும் புண்படவில்லை.)

3

தொடரின் கடைசிக்கு முந்தைய வாரம், விண்கலத்திலுள்ளவர்கள் மிஹோவுக்குச் சோறு வைக்கும் கட்டம். அவசரத்தில் ஷியோமி குச்சிகளைக் குத்தி நிறுத்தி வரைந்துவிட்டாள்.

“மிஹோ செத்துட்டாங்கிறதை என்ன நாசூக்கா சொல்லிட்டீங்க! பின்னிட்டீங்க, சென்செய்!” என்றார் நுகாரியா, குருவை அழைக்கும் மரியாதையோடு.

(இந்தப் பாத்திரம் எனக்கே நம்பும்படி இல்லை. கொஞ்சம் புத்திசாலியாக்கிப் பார்த்தேன். பத்திரிகை ஆசிரியராகவே தெரியவில்லை.)

அப்பா அழைத்தார்.

“குச்சியக் குத்தி வச்சிட்ட போலிருக்கே.”

“கை தவறிடுச்சுப்பா.”

“குடிச்சிட்டா வரைஞ்ச?”

“ஐயோ, இல்லப்பா.”

“அப்போ கை தவறல.”

அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

“சரி, மிஹோ திரும்பி வருவாளா?”

“நீங்க என்னப்பா நினைக்கிறீங்க?”

“ஆறிப்போன சோத்தை தினம் நானே தின்னுக்கிட்டிருக்கேன், என்னைப் போய்க் கேக்குற! நீ வா. வந்து உன் கையால வை. எப்படி வைக்கிறியோ, அப்படியே இருக்கட்டும்.”

4

முடிவு அ: மிஹோ திரும்புகிறாள். நுகாரியா அழுகிறார், விற்பனை ஏறுகிறது.

முடிவு ஆ: மிஹோ ஒரு நட்சத்திரமாகி, அங்கிருந்து... (மன்னிக்கவும்.)

நடந்தது: கடைசிப் பக்கம் வெள்ளையாக அச்சானது. அந்த வெண்மை ஒரு தேசத்தின் ஆறாத வெறுமை என்று மூன்று பேராசிரியர்கள் எழுதினார்கள். வரைய வேண்டியவள் வடக்கே போகும் ரயிலில் இருந்தாள், அவ்வளவுதான்.

குச்சிகளை எப்படி வைத்தாள் என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். அந்தக் கிண்ணம் வாசகர்களுக்கு வைத்ததல்ல.