சொல்லிக்கொள்ளாமல் போனவர்

என் கணவரின் அண்ணன் பரமசிவம் துறைமுகத்தில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை நோரிஸ் ரோட்டில் எங்கள் மாடி அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் மட்டும் பெரிய டாக்டர். இப்படி ஒரு சொந்தம் இருந்தால் வீட்டுக்கு நோய் என்று தனியாக வேண்டியதில்லை.

என் மகள் செல்லக்கண்ணுவுக்கு ஆறு வயது. அறுபத்தாறாம் ஆண்டுத் தொடக்கத்தில் ரத்தப் புற்று என்றார்கள். செவ்வாய்தோறும் ஆஸ்பத்திரியில் ஊசி. முடியெல்லாம் கொட்டிவிட்டது. மாத்திரையால் முகம் உப்பிப் போயிருந்தது.

“பிள்ளை கொழுகொழுன்னுதானே இருக்கு. எந்தக் கோயில்ல மொட்டை போட்டீங்க?” என்றாள் பரமசிவத்தின் மனைவி சரஸ்வதி, என் பிஸ்கட்டை என் ஓவல்டினில் நனைத்தபடி. மருந்து வீக்கம் என்று மூன்று வாரமாகச் சொல்கிறேன். காதில் ஏறினால்தானே.

குழந்தை இரண்டடி தள்ளிப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அதைப் பற்றிப் பரமசிவத்துக்கென்ன கவலை?

“தம்பி, இது தீராத வியாதி லா. ஏன் குத்திக் குத்திச் சித்திரவதை பண்றே? செவ்வாக்கிழமை போவாதே. வீட்லயே நிம்மதியா இருக்கட்டும்.”

என் கணவர் துரைசாமி தரையைப் பார்த்தார். அண்ணன் முன்னால் வாய் திறக்கமாட்டார், மரியாதையாம். எனக்கு அது கோழைத்தனமாகத்தான் பட்டது.

“பார்க்கலாம் அண்ணே” என்றார்.

ஊசியை நிறுத்தினால் ஒரு மாதம் தாங்காது, போட்டால் நாள் கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூடப்போகிற அந்த நாட்களைத்தான் இவர் பிஸ்கட் தின்றுகொண்டே வேண்டாம் என்கிறார்.

பிறகு இருவரும் எழுந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. படியிறங்கிவிட்டார்கள்.

“அம்மா, பெரியப்பா ஏன் சொல்லிக்காமப் போறாங்க?”

சாவு வீட்டிலிருந்துதான் அப்படிப் போவார்கள். உயிரோடு உட்கார்ந்து பச்சைப் பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த மனிதர் துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறார்.

இறங்கி ஓடினேன். கீழே கடை வாசலில் பிடித்தேன்.

“மாமா, மேல வந்து சொல்லிட்டுப் போங்க.”

“இல்லம்மா, அது வந்து... வழக்கம்...”

“எந்த வீட்டு வழக்கம்? சத்தமாச் சொல்லுங்க, நாலு பேர் கேக்கட்டும்.”

கடைக்காரர் ஜலாலுதீன் தராசை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இரக்கம் கொண்டுவராத மனிதரை வெட்கம் மேலே கொண்டுவந்தது.

“போயிட்டு வரேன்” என்றார், சுவரைப் பார்த்து.

“சுவத்துக்கிட்ட இல்ல. அவகிட்ட.”

முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். “போயிட்டு வரேம்மா.”

“எப்ப வருவீங்க பெரியப்பா?”

என் கணவர் தரையிலிருந்து எழுந்து மகள் பக்கத்தில் வந்து நின்றார்.

“செவ்வாக்கிழமை மட்டும் வராதீங்க அண்ணே” என்றார். “அன்னிக்கு எங்களுக்கு ஊசி இருக்கு.”