அக்கா கேட்ட வார்த்தைகள்

ஆறாம் நம்பர் மெஷின் வீறிட்டது.

வழக்கமாக அது துவைத்து முடித்ததும் இரண்டு தடவை ‘பீப்’ என்று மரியாதையாகக் கூப்பிடும். இது அந்த ரகமில்லை. காதைக் கிழிக்கிற, மூச்சு விடாத ஊளை. மாடி அறையில் சட்டை கூடப் போடாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி, கைக்குக் கிடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தடதடவென்று படியிறங்கினான்.

கீழே சலவைக்கூடம் முழுக்க நுரை. ஆறாம் நம்பரின் கண்ணாடிக் கதவுக்கு அடியிலிருந்து பொங்கி வந்து, அழுக்குத் துணிக் கூடைகளைத் தாண்டி, இஸ்திரி மேஜையின் கால்களைக் கட்டிக்கொண்டிருந்தது. நடுவில் துடைப்பத்தோடு அக்கா. முழங்கால் வரை வெள்ளை.

“என்னக்கா பண்ணினே?”

“நான் என்னடா பண்ணினேன்? காலையில புதுசா ஒரு வார்த்தை குடுத்தியே, ‘தெளி’ன்னு. அதைப் போட்டேன். தெளிஞ்சுடுச்சு, எனக்குப் புத்தி.”

தம்பி வழுக்கிக்கொண்டே போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினான். ஊளை நின்றது. நுரை மட்டும் தன் பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் நடந்து போய் வாசல் மிதியடியில் உட்கார்ந்தது.

‘தெளி’ என்றால், தண்ணீர் தெளிகிற வரைக்கும் துணியை அலசு என்று அர்த்தம். வெளியேறும் தண்ணீர் கலங்கலா, சுத்தமா என்று பார்க்க வடிகுழாயில் ஒரு சென்சார் பொருத்தியிருந்தான் தம்பி. அந்தச் சென்சாரின் கண்ணை நுரை மறைத்துவிட்டது. மெஷின் என்ன நினைக்கும்? இன்னும் அழுக்கு போகவில்லை என்று நினைத்தது. மறுபடி தண்ணீர், மறுபடி அலசல், மறுபடி நுரை. இத்தனை தடவைக்கு மேல் வேண்டாம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் அவன்தான்.

“எங்க நிறுத்தணும்னு எழுத மறந்துட்டேன்க்கா.”

“நம்ம குடும்பத்துல யாருக்குத்தான் அது தெரிஞ்சுது? அந்த வாளியை எடு.”

அந்த எட்டு மெஷின்களும் யாரோ பயன்படுத்திவிட்டுத் தள்ளியவை. இரும்பு நன்றாக இருந்தது; மூளைதான் ஒவ்வொன்றாகச் செத்துப்போனது. அந்த மாடல் போர்டு இப்போது வருவதில்லை என்று விற்றவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் தீப்பெட்டி அளவில் ஒரு போர்டை வைத்து, அதற்குள் ஒரு குட்டி இன்டர்பிரட்டரையும் உட்கார வைத்தவன் தம்பி. பேனலில் எழுதிக் கொடுத்ததை வரிவரியாகப் படிக்கும். படித்ததைப் படித்தபடி செய்யும். ‘நிரப்பு’, ‘சூடாக்கு’, ‘பொறு’, ‘சுழற்று’, ‘வடி’. ஆரம்பத்தில் அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். வேறு எதையாவது எழுதினால், ‘இந்த வார்த்தை எனக்குத் தெரியாது’ என்று திரையில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

அக்காவுக்கு அது போதவில்லை.

கைக்குழந்தைத் துணிக்குத் தனியாக ஒரு வார்த்தை வேண்டுமென்றாள். டிரம் முழுச் சுற்று சுற்றாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிற மாதிரி ‘தொட்டில்’ செய்து கொடுத்தான். ஹோட்டல் மேஜைவிரிப்புகளில் எண்ணெய் போகவில்லை என்றாள். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு நடுநடுவே புரட்டிவிட ‘ஊறு’ வந்தது. கம்பளிக்கு ‘பூப்போல’. ஒவ்வொன்றையும் அவன் மாடியில் உட்கார்ந்து, மெஷினின் அடிமட்ட மொழியில் எழுதி, பெயர் வைத்து, இன்டர்பிரட்டரிடம் ‘இனிமேல் இதுவும் உன் வார்த்தை’ என்று பதிவு செய்து, கீழே கொண்டுவந்து பழைய துண்டுகளைப் போட்டு ஓட்டிப் பார்ப்பான். அக்கா பக்கத்தில் நின்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பாள்.

“இன்னும் மெதுவாடா.”

“இப்ப?”

“இவ்வளவு மெதுவாவா? தூங்கிடப் போகுது.”

ஒரு வார்த்தை சரியாவதற்குள் அடுத்தது தயாராகிவிடும். வாரத்துக்கு ஒன்று நிச்சயம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் வேலை பார்த்த கம்பெனி மூடியது. மூடிய கையோடு, அவன் மனைவியும் இனி சேர்ந்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். ஒரு பையோடு அக்கா வீட்டு மாடிக்கு வந்தவன் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பாட்டுத் தட்டு வாசலிலேயே ஆறிப்போகும். அப்படியே கொஞ்ச நாள். ஒரு காலையில் அக்கா கதவைத் தள்ளித் திறந்து, கருகிப்போன போர்டு ஒன்றை அவன் வயிற்றின் மேல் வைத்தாள். “நாலாம் நம்பர் செத்துப்போச்சு. என்னன்னு பாரு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்படி ஆரம்பித்ததுதான் எல்லாம்.

இப்போது அவனுக்கு வேறொரு இடத்திலிருந்து அழைப்பு. லிப்ட் செய்கிற கம்பெனி. அவர்களுடைய லிப்டுகளுக்குள்ளும் இதே மாதிரி ஒரு குட்டி மொழி ஓடுகிறது. அதற்குப் புதுப்புது கட்டளைகள் சேர்க்க ஆள் தேடினார்கள். அவன் சலவை மெஷின் கதையைச் சொன்னபோது எதிரில் இருந்தவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். நல்ல வேலை, ஆனால் ஒரு ராத்திரி ரயில் தூரம். இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தான். அதை மாமாவிடம் மட்டும் சொல்லியிருந்தான். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர், கடையின் டெலிவரி வேனை ஓட்டுகிறவர். அவரிடம் ரகசியம் சொல்வதும் கடை போர்டில் எழுதி மாட்டுவதும் ஒன்று என்பது அவனுக்கு அந்த நேரத்தில் மறந்துபோனது.

நுரையைத் தள்ளி முடித்து, ஈரக் கால்சட்டையோடு வேனுக்குப் பக்கத்தில் நின்றபோது மாமா ஆரம்பித்தார்.

“மாப்ளே, நிஜமாவே வேண்டாம்னு சொல்லப் போறியா?”

“நீங்களே பாத்தீங்கல்ல மாமா. ஒரு வார்த்தை தப்பானா கூடமே முழுகுது. நான் போயிட்டா அக்கா என்ன பண்ணுவா?”

“என்ன பண்ணுவா? திட்டுவா. இப்ப அதை ரெண்டா பிரிச்சு உனக்குப் பாதி எனக்குப் பாதி குடுக்கிறா. நீ போயிட்டா முழுசும் எனக்குத்தான். என் நல்லதுக்குப் பாத்தா நீ இங்கயே இருக்கணும். இருந்தாலும் சொல்றேன், போ.”

தம்பி சிரித்தான். ஆனால் தலையாட்டவில்லை.

“அப்புறம் இன்னொண்ணு” என்று மாமா குரலைத் தாழ்த்தினார். “இந்த வாரம் சோப்பை மாத்தினது நான்தான். நுரை நல்லா வரும்னு கடைக்காரர் சொன்னார்.”

“பாவம், அவர் பொய் சொல்லலை மாமா.”

மாடிக்குப் போய் ‘தெளி’யைத் திருத்தினான். மூன்று தடவை அலசியும் தெளியாவிட்டால் முயற்சியை விட்டுவிட்டு, தண்ணீரை மூடி, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடு. இவ்வளவுதான் சேர்த்தது. கீழே வந்து எல்லா மெஷின்களிலும் ஏற்றினான். அக்கா ஹோட்டல் விரிப்புகளை மூன்றாம் நம்பரில் திணித்துக்கொண்டே கேட்டாள்.

“இந்தத் தடவை நீச்சல் தெரியணுமா?”

“தெரியவேண்டாம். தெளியலேன்னா நின்னுடும். அப்ப என்னைக் கூப்பிடு.”

“ம்.”

ஐந்துக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மாடியில் போனை எடுத்தான். சொல்ல வேண்டியதை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான். ‘மன்னிக்கணும் சார், வீட்டுச் சூழ்நிலை.’ நம்பரை அழுத்தினான். அந்தப் பக்கம் மணி அடித்தது.

இந்தப் பக்கம் மூன்றாம் நம்பர் வீறிட்டது.

போனைக் கட் செய்துவிட்டு ஓடினான். பாதிப் படியில் இருக்கும்போதே சத்தம் நின்றுவிட்டது. தம்பி அங்கேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தரையில் ஒரு சொட்டு நுரை இல்லை. புதுத் திருத்தம் வேலை செய்திருந்தது; மெஷின் தண்ணீரை மூடிவிட்டு நின்றிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் வெள்ளை முட்டிக்கொண்டிருந்தது. அக்கா பேனல் முன்னால் நின்று, ஈர விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஏதோ ஒரு வார்த்தையை எழுதினாள். படியிலிருந்தே அவனால் படிக்க முடிந்தது.

‘நுரைகொல்.’

அப்படி ஒரு வார்த்தையை அவன் எழுதவேயில்லை. ‘தெரியாது’ என்று திரை சொல்லப்போகிறது, அப்புறம் நாம் இறங்கலாம் என்று காத்திருந்தான்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. மெஷின் முதலில் வடித்தது. கொஞ்சமாகக் குளிர்ந்த தண்ணீர் பிடித்தது. தொட்டில் மாதிரி ஆடியது, நின்று பொறுத்தது, மறுபடி வடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் நுரை மட்டம் முக்கால், பாதி, கால் என்று இறங்கிக் காணாமல் போனது.

“அக்கா, அது என்ன வார்த்தை?”

அக்கா திரும்பினாள். திடுக்கிடவில்லை. “எது?”

“நுரைகொல். நான் அதை உனக்குக் குடுக்கலையே.”

“நான் பண்ணினேன்” என்றாள், குழம்புக்கு உப்புப் போட்டது நான்தான் என்கிற மாதிரி.

அவன் வந்து பேனலைப் பார்த்தான். ‘ஆக்கு’ என்ற கட்டளையைப் பயன்படுத்தியிருந்தாள். பழைய வார்த்தைகளைக் கோத்து, அந்தக் கோவைக்கு ஒரு புதுப் பெயர் வைக்கிற வசதி. இந்த மாதிரி மொழி எதுவானாலும் அது இருக்கும். அவனும் முதல் நாளே வைத்தான். அக்காவுக்கு எதற்கு அந்தத் தலைவலி என்று சொல்லாமல் விட்டிருந்தான்.

“இதை யார் உனக்குச் சொல்லிக் குடுத்தா?”

“அதுவேதான். ‘உதவி’ன்னு போட்டா எல்லாத்தையும் சொல்லுதே. நீதானே எழுதி வச்சிருக்கே, அழகா.”

“எப்போலேருந்து தெரியும்?”

“நீ ரெண்டாவது வார்த்தை குடுக்கிறதுக்கு முன்னாடியே.”

தம்பி வரிசையாக நினைத்துப் பார்த்தான். ‘தொட்டில்’ இடமும் வலமும் மாறி மாறிச் சுழற்றினால் வந்துவிடும். ‘ஊறு’, நிரப்பு, சூடாக்கு, பொறு, சுழற்று. ‘பூப்போல’வும் அப்படித்தான். எல்லாமே அவளே கோத்திருக்கக் கூடியவை. உண்மையிலேயே அவன் தேவைப்பட்டது ‘தெளி’ ஒன்றுக்குத்தான். அதுதான் கூடத்தை முழுக்கியது.

“அப்புறம் எதுக்குக்கா வாராவாரம் என் உயிரை எடுத்தே?”

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “மாமா சொன்னாரு. அஞ்சாகப் போகுது. முதல்ல போனைப் போடு.”

“அக்கா, ‘தெளி’ மறுபடி மக்கர் பண்ணினா?”

“போன்ல சொல்றேன். நீ அங்கேயிருந்து எழுதி அனுப்பு. மாமாகிட்ட பழைய சோப்பையே வாங்கச் சொல்லியாச்சு. போடு.”

அவன் போட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். மற்ற மெஷின்கள் சுழன்றுகொண்டிருந்த இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டான். மாடியில் ஒத்திகை பார்த்த வாக்கியம் வாய் வரை வந்தது. அவன் அதை விழுங்கினான்.

“வரேன் சார். ஆமா சார். திங்கட்கிழமையே வந்துடறேன்.”

அக்கா இரண்டாம் நம்பரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

அவன் போனைப் பையில் போட்டதும், டிரையரிலிருந்து சூடாக ஒரு பெரிய விரிப்பை உருவி, இரண்டு முனைகளை அவனிடம் நீட்டினாள். இருவரும் எதிரெதிரே போய் நின்று இழுத்துப் பிடித்தார்கள். உதறினார்கள். பாதியாக மடித்தார்கள். மடித்த முனைகளோடு நடந்து நடுவில் வந்து சேர்ந்தார்கள்.

“இப்பவாவது சொல்லேன்க்கா. எல்லாம் உன்னாலயே முடியும்னா எதுக்கு எங்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தே?”

அக்கா அவன் கையிலிருந்த முனைகளை வாங்கித் தன்னுடையதோடு சேர்த்து, குனிந்து, மடிப்பை நீவிவிட்டாள்.

“ஒரு வார்த்தை கேட்டாத்தானேடா நீ அன்னைக்குக் குளிச்சு, சாப்பிட்டு, கீழே இறங்கி வந்தே.”