பியூஸை எங்கே வைப்பது

கணினித் திரையில் கஜானியின் பொம்மை ஏணியிலிருந்து பொத்தென்று விழுந்தது. அவள் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது அதே குழுவிலிருந்த முகைதீன்பாவா அவசரத்தில் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டான். ஐந்து விநாடியில் பொம்மை எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு மறுபடி ஏறியது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. கஜானியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கணினியில் இருந்த ஜக்குலினுக்கு மட்டும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

யுத்தம் முடிந்த மறுவருடம் மட்டக்களப்புத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு வெளிநாட்டுக்காரர் கொடுத்த விளையாட்டு அது. நான்கு பேர் நான்கு கணினியில் இருந்து ஒரே வீட்டுக்கு வயரிங் செய்ய வேண்டும். கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்த்தால் நேரம் போகும், புள்ளி குறையும். ஆகவே யாரும் வைப்பதில்லை. கரண்ட் அடித்தால் என்ன, பொம்மைதானே! இன்றைக்குப் பரீட்சை. நான்கு பேரும் ‘முடிந்தது’ பொத்தானை அழுத்தினால்தான் நால்வருக்கும் சான்றிதழ். வயரிங் முடிந்து மூன்று பேர் அழுத்தியாயிற்று.

“ஜக்குலினக்கா, அமத்துங்களன். நேரம் போகுது,” என்றாள் கஜானி. வாகரையில் முதலில் கடலுக்கும் பிறகு ஷெல்லுக்கும் வீட்டைப் பறிகொடுத்தவள். சான்றிதழ் கிடைத்தால் செங்கலடியில் அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது.

ஜக்குலின் அழுத்தவில்லை. “மாஸ்டர், இதில பியூஸக் கழட்டினா எங்க வெக்கிற?”

தங்கராசா மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். “அதெல்லாம் கேம்ல இல்லம்மா. அமத்துங்க.”

இல்லையாம். அவள் புருஷன் சார்ள்ஸ் எந்த வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போனாலும் முதலில் பியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். அவன் திருப்பி வைக்கும்வரை ஒருவனும் கரண்டைப் போட முடியாது. சுனாமி அவர்கள் ஊரான டச்பாரைத் துடைத்துப்போட்ட மறுவருடம், அகதிக் கொட்டில்களுக்கு லைட் போடப் போனான். அன்று திறப்புவிழா. பெரிய மனிதர்கள் வந்து இறங்கிவிட்டார்கள் என்று, சார்ள்ஸ் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே எவனோ பியூஸ் இருந்த இடத்தில் கம்பித் துண்டைச் செருகி மெயினைப் போட்டான். வந்தவர்களுக்கு மாலை போட்டார்கள், படம் பிடித்தார்கள். சார்ள்ஸ் எழும்பவில்லை. ஐந்து விநாடியிலும் எழும்பவில்லை, ஐந்து வருடத்திலும் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்த அவன் சட்டையின் பையில் பியூஸ் அப்படியே கிடந்தது. செருகினவன் யாரென்று இன்றுவரை ஒரு நாய்கூட அவளுக்குச் சொல்லவில்லை.

“சிரிக்கிறியா புள்ள?” ஜக்குலின் கஜானி பக்கம் திரும்பினாள். “நாளைக்கு நீ நிசமான ஏணியில ஏறக்குள்ளயும் ஒருத்தன் இப்பிடித்தான் மெயினப் போடுவான். ஆரு உன்ன எழுப்புற?”

கஜானியின் சிரிப்பு நின்றது. “பெயிலாகினா நான் எங்கக்கா போற?”

அந்தக் கேள்வி ஜக்குலினின் கோபத்தை இன்னும் கிளப்பியது. எழுந்து விறாந்தைக்குப் போனாள். மெயினை இறக்கி, பியூஸைப் பிடுங்கினாள். மின்விசிறிகள் நின்றன. திரைகள் எல்லாம் கறுத்தன.

திரும்பி வந்து, கஜானியின் உள்ளங்கையில் பியூஸை வைத்து விரல்களை மூடினாள்.

“இனி உன்ட விருப்பம்.”

“கஜானி, அத இங்க தாம்மா,” என்று தங்கராசா மாஸ்டர் கையை நீட்டினார். “நேரம் இரிக்கு, திரும்பப் போடலாம்.”

கஜானி அந்தக் கையைப் பார்த்தாள். கறுத்த திரையைப் பார்த்தாள். பியூஸில் இன்னும் சூடு இருந்தது. மாஸ்டர் நீட்டிய கையோடு நின்றார். அவளுடைய விரல்கள் மூடியே இருந்தன.