டோக்கன் இங்கே, கார்டு அங்கே

டோக்கன் வீடு தேடி வந்துவிட்டது. கார்டு வீட்டில் இல்லை. அந்த மே மாதத்தில் தண்டாயுதபாணிக்கு வந்த சங்கடம் மொத்தமும் இவ்வளவுதான்.

கொரோனா நேரம். ரேஷன் கடையில் கூட்டம் சேரக்கூடாது என்று இன்ன கார்டுக்கு இன்ன நாள், இன்ன நேரம் என டோக்கன் போட்டுத் தந்தார்கள். கடைக்கார அறிவுச்செல்வி முகக்கவசத்தோடு வெயிலில் தெருத்தெருவாக நடந்து வந்து, வாசல்படிக்கு இரண்டடி தள்ளி நின்று அவரிடம் நீட்டினாள்.

"செவ்வாக்கெழம காத்தால பத்து மணிக்குங்க. எப்பவும் போடற இருவது கிலோவோட கூடுதலா பதினஞ்சு கிலோ. பருப்பு, எண்ணெ, சக்கரையும் இருக்குதுங்க. எல்லாம் சும்மாதான். டோக்கனும் கார்டும் ரெண்டும் வேணும். ஒண்ணு இல்லீன்னாலும் போட முடியாதுங்க."

"சரிங்க" என்று வாங்கி, காலண்டர் ஆணியில் குத்தி வைத்தார். உள்ளேயிருந்து பூவாத்தாள் அதைப் பார்த்தாள். அவருக்கு முதுகில் அந்தப் பார்வை தெரிந்தது.

குமாரபாளையத்தில் எட்டு விசைத்தறி வைத்து லுங்கி ஓட்டியவர் தண்டாயுதபாணி. அவர் வீட்டில் பொன்னி அரிசிதான் வேகும். ரேஷன் அரிசி வாசலைத் தாண்டி உள்ளே வராது என்பதை டீக்கடையில் அவரே நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அரிசி வராத சர்க்கரை கார்டாக மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று யாராவது கேட்கலாம். மாற்றினால் பொங்கலுக்கு வரும் கரும்பும் பரிசும் நின்றுபோகும். அதனால் அரிசி கார்டு அரிசி கார்டாகவே இருக்கும். அரிசியை மட்டும் தறிப் பட்டறையில் வேலை செய்யும் யாராவது வாங்கிக்கொள்வார்கள். ஊரில் பல முதலாளிகள் வீட்டில் இதுதான் வழக்கம். கார்டில் பெயர் ஒருவருடையது, உலையில் வேகும் அரிசி இன்னொருவருடையது.

தண்டாயுதபாணியின் கார்டு மூன்று வருடமாக மாரக்காளிடம் இருந்தது. அவள் பட்டறையில் நூல் சுற்றுகிறவள். வாழப்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்து, புருஷனோடு ஆகாமல் இரண்டு பெண் குழந்தைகளோடு இங்கே வந்து சேர்ந்தவள். மூன்று பேர் பெயரும் இன்னும் புருஷன் கார்டில் இருக்கிறது. அவன் நீக்கித் தரமாட்டான். நீக்காமல் அவளுக்குப் புதுக் கார்டு கிடைக்காது. மாதம் ஒரு தடவை "20 கிலோ அரிசி வழங்கப்பட்டது" என்று தண்டாயுதபாணியின் போனுக்குத் தகவல் வரும். அதைப் படிக்கும்போதெல்லாம் அவருக்கு மனசு குளிர்ந்து போகும். கைக்காசு செலவில்லாமல் வந்த புண்ணியம் அல்லவா.

ஏப்ரலிலும் டோக்கன் வந்தது. அதை அன்றே கூப்பிட்டு மாரக்காள் கையில் கொடுத்தார். அரிசியோடு கொடுத்த ஆயிரம் ரூபாயை அவள் அப்படியே கொண்டுவந்து, "இது உங்க பேருக்கு வந்ததுங்கக்கா" என்று பூவாத்தாளிடம் வைத்துவிட்டுப் போனாள். அப்போது வீட்டில் பொன்னி மூட்டை முக்கால்வாசி இருந்தது.

இப்போது அந்த மூட்டையை உதறி மடித்தாகிவிட்டது. தறி நின்று நாற்பது நாள். நெய்த லுங்கியெல்லாம் பட்டறையில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தது. வாங்குகிற ஈரோட்டுக்காரர் போனையே எடுப்பதில்லை. வளைகாப்புக்கு வந்த மகள் ரஞ்சனி, பஸ் நின்றுபோனதில் இங்கேயே தங்கிவிட்டாள். எட்டாம் மாதம். கையில் இருந்ததெல்லாம் அவள் ஸ்கேனுக்கும் மாத்திரைக்கும் போயிற்று. பூவாத்தாள் மூன்று நாளாக ராத்திரியில் பசியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது பொய் என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"போயி அந்தக் கார்ட வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"குடுத்தத எப்படிப் புள்ள திருப்பிக் கேக்கறது?"

"கார்டு நம்முளுதுங்க."

"நம்முளுதுதான். அவளும் ரெண்டு புள்ளைய வெச்சிருக்கறா."

"நான் மொத்தமும் வேண்டாங்கறனா? கூட வர்ற பதினஞ்சக் கேளுங்க. வயித்துப் புள்ளக்காரிக்குக் கஞ்சியா ஊத்தறது?"



திங்கட்கிழமை சாயங்காலம் டோக்கனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மொபட்டில் போனார். பவானிக்குப் போகும் பாலத்தைத் தகரம் வைத்து அடைத்து, போலீஸ்காரர் ஒருவர் காவல் இருந்தார். அதற்கு இந்தப் பக்கம் ஒரு லைன் வீட்டில் மாரக்காள் குடியிருந்தாள். என்ன சொல்லிக் கேட்பது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தபடியே போனார். மூன்று வருடத்தில் அவர் அந்த வாசலில் கால் வைத்ததில்லை.

அவரைக் கண்டதும் மாரக்காள் பதறி எழுந்து, முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள்.

"ஏனுங்கண்ணா, டோக்கன் குடுக்க நீங்களா வந்தீங்க? சொல்லி உட்டிருந்தா நான் வந்துருப்பேனே."

அவர் கையைப் பையில் விட்டு டோக்கனைத் தொட்டார். மாரக்காள் உள்ளே போய்க் கார்டைக் கொண்டுவந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அந்த உறையை ஒரு சுருக்குப் பைக்குள் வைத்திருந்தாள். மூன்று வருடத்துக் கார்டு ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் நின்றவளிடம், "எங்க மொதலாளிங்க. ஒவ்வொரு மாசமும் எங்க ஊட்ல ஒல கொதிக்கறது இவரு பேர்லதான்" என்றாள்.

ஒத்திகை பார்த்த பேச்சில் ஒரு வார்த்தைகூட வாய்க்கு வரவில்லை. அவர் சொன்னது இதுதான்: "இந்த வாட்டி கார்டுக்காரங்க நேர்ல வரோணும்னு சொல்லீட்டாங்க. நானும் வாரேன். நாளைக்குப் பத்து மணிக்குக் கடைக்கு வந்துரு சாமி."

அப்படி யாரும் சொல்லவில்லை. கடையில் அரிசியைக் கையில் வாங்கிய பிறகு, கூடுதலாக வந்த பதினைந்தை எடுத்துக்கொள்கிறேன் என்று பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்பது அவர் திட்டம். பூவாத்தாளிடமும் அதையே சொன்னார். அவள் பொன்னி மூட்டையின் காலிப் பையை இன்னும் சின்னதாக மடித்து மொபட் பெட்டியில் வைத்தாள்.

கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். தண்டாயுதபாணி ஒரு வட்டத்தில் நின்றார். பின்னால் ஒரு வட்டம் விட்டு மாரக்காள். ரேஷன் வரிசையில் நிற்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு நோய்க்கும் இப்படி ஒரு நல்லது இருக்கிறதே என்றுகூட அந்த நேரத்தில் நினைத்தார்.

அந்த நிம்மதி பத்து நிமிஷம் நீடித்தது. விசைத்தறிக்காரர்கள் சங்கத்தின் பேரில் வரிசையில் நிற்பவர்களுக்குக் கபசுரக் குடிநீர் கொடுத்துக்கொண்டு வந்தார் செங்கோட்டையன். எதிர்வீட்டுக்காரர். பன்னிரண்டு தறி. இருபது வருடமாக ஒருவர் புதுத் தறி போட்டால் இன்னொருவருக்குத் தூக்கம் வராது; பேச்சு மட்டும் தேனாக இருக்கும்.

"ஏனுங்க, நீங்களா இது? நீங்க எங்கீங்க இந்தப் பக்கம்?" என்று டம்ளரை நீட்டினார்.

வரிசையில் நாலைந்து தலை திரும்பியது.

"நம்ம மாரக்காளுக்கு வாங்கிக் குடுக்க வந்தனுங்க. பாவம், கார்டில்லாத புள்ள" என்றார் தண்டாயுதபாணி. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதோடு நிற்காமல், "முப்பத்தஞ்சு கிலோவ ஒரு பொம்பள எப்படித் தூக்கறது? அதான் வண்டிய எடுத்துட்டு வந்தேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"பெரிய மனசுங்க உங்குளுக்கு" என்றார் செங்கோட்டையன். அந்த ஒரு வார்த்தையில் முப்பத்தைந்து கிலோவும் போய்விட்டது. கசப்பு மருந்தை ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

உள்ளே அறிவுச்செல்வி கார்டை எந்திரத்தில் காட்டி, அவர் பெயரை உரக்கப் படித்து, மாரக்காள் கொண்டுவந்த இரண்டு பைகளில் அரிசியை நிறுத்துப் போட்டாள். செங்கோட்டையனே ஒரு கை பிடித்து மொபட்டில் ஏற்றிவிட்டார். எண்ணெய், பருப்பு, சர்க்கரைப் பொட்டலங்களை வைப்பதற்காகப் பெட்டியைத் திறந்தது மாரக்காள். உள்ளே மடித்து வைத்திருந்த காலிப் பையைப் பார்த்தாள். அதைத் தொடாமல் ஓரமாகத் தள்ளி, பொட்டலங்களை வைத்து மூடினாள்.

லைன் வீட்டில் மூட்டைகளை இறக்கும்போது, "ரஞ்சனி கண்ணு நல்லாச் சாப்புடுதுங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாம் நல்லாருக்குது" என்றார். அவள் எடுத்துக் கொடுத்த பருப்பும் எண்ணெயும்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் எத்தனை கிலோ ஆகும் என்று வழியில் யோசித்துக்கொண்டே வந்தார்.

வீட்டில் பூவாத்தாள் உலை வைத்திருந்தாள். அவர் மொபட் பெட்டியிலிருந்து அந்தக் காலிப் பையை எடுத்து வைத்ததும் அடுப்பை அணைத்தாள். சண்டை போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அடுப்பை மட்டும்தான் அணைத்தாள். ரஞ்சனி அறையில் போனில் சிரித்துப் பேசுவது கேட்டது. தண்டாயுதபாணி பட்டறைக்குள் போய், நின்றுபோன தறிகளுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரியின் சோற்றை எதிர்வீட்டுக்காரனின் ஒரு பாராட்டுக்கு விற்றுவிட்டு வந்திருக்கிறார்.

மூன்று மணிக்கு வாசலில் குரல் கேட்டது.

"அண்ணா, நூலுங்க. நூல் கொண்டாந்திருக்கேன்."

வெளியே வந்து பார்த்தார். மில் பெயர் அச்சடித்த பழைய நூல் சாக்கு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு மாரக்காள் நின்றாள். பட்டறையிலிருந்து எப்போதோ கொண்டுபோன சாக்கு. அந்த வெயிலில் அவ்வளவு தூரம் நடந்தே வந்திருக்கிறாள். தெரு முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள், "நூலுங்கண்ணா." பிறகு சாக்கை இறக்கி வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பதினஞ்சு இருக்குதுங்க. வாங்கிக் குடுக்க வர்றவங்க காலிப் பை கொண்டார மாட்டாங்கண்ணா. நேத்தே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இத்தன அலைச்சல் வேண்டாமில்லீங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நூல் என்ற வார்த்தை செங்கோட்டையனின் மத்தியானத் தூக்கத்துக்குள் புகுந்து அவரை எழுப்பிவிட்டிருந்தது. முகக்கவசத்தைக் காதில் மாட்டியபடியே தெருவைத் தாண்டி வந்தார்.

"நூல் கெடச்சுருச்சுங்களா உங்குளுக்கு? ஊரு பூராத் தேடறேன், ஒரு கோன் கெடைக்கல. ஒரு தறில ஏத்துன பாவு நூலில்லாம பாதில நிக்குது. பத்துக் கோன் மட்டும் குடுங்க, கட தொறந்ததும் திருப்பித் தந்தர்றேன்."

"இல்லீங்க, அது வந்து..." என்றார் தண்டாயுதபாணி.

"காத்தால அந்தப் புள்ளைக்கு அத்தன பண்ணுனீங்க. எனக்குப் பத்துக் கோன் குடுக்க மாட்டீங்களா?"

மாரக்காள் சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இது வேற நூலுங்க, உங்க பாவுக்குச் சேராது" என்றாள். நாற்பது வருடம் தறி ஓட்டிய மனிதரிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. செங்கோட்டையன் சாக்கை ஏற இறங்கப் பார்த்தார். நூல் சுற்றிய கோன் போட்ட சாக்கு இப்படித் தரையோடு தரையாகப் படிந்து உட்காராது.

நிலைப்படியில் பூவாத்தாள் வந்து நின்றாள். அவள் பின்னால், இடுப்பில் கை வைத்தபடி ரஞ்சனி.

தண்டாயுதபாணி மாரக்காளின் கையை விலக்கச் சொல்லிச் சைகை செய்தார். குனிந்து சாக்கின் வாயைப் பிரித்து, ஒரு கை அள்ளி நீட்டினார். புழுங்கலரிசி, பழுப்பேறியது, நடுவில் ஒன்றிரண்டு கறுப்பு. ரேஷன் அரிசியின் வாடை செங்கோட்டையனின் முகக்கவசத்தையும் தாண்டியது.

செங்கோட்டையன் அரிசியைப் பார்த்தார். நிலைப்படியில் நின்ற ரஞ்சனியைப் பார்த்தார். சொல்வதற்கு எதுவும் அகப்படாமல், "உங்க கார்டு அரிசிங்களா?" என்று கேட்டு வைத்தார்.

"கார்டு எங்குளுதுங்க" என்றார் தண்டாயுதபாணி. "அரிசி மாரக்காளுது. எங்குளுக்குக் குடுக்க வந்திருக்கறா."

பூவாத்தாள் அரிசி புடைக்க முறத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.