ஷிஹாத்தாவின் கழுத்து

ஃபயூம் நகரத்துக்குப் பக்கத்தில் ரயில்வே கேட் காத்துவந்த ஷிஹாத்தாவுக்கு, அவன் மனைவி நபவியாவின் மொட்டை மாடிக் கோழிகளுக்கு வரவேண்டிய நோயெல்லாம் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிடும். கல்யாணமான வருஷத்திலிருந்தே அப்படித்தான். கோழிக்குச் சளி என்றால் விடியும்போதே இவன் மூச்சில் விசில் கேட்கும். கோழிக்கு இரைப்பை அடைத்தால் இவன் தொண்டைக்குக் கீழே எலுமிச்சை அளவில் ஒரு கட்டி உருளும். முட்டை சிக்கிக்கொண்ட கோழிக்காக அவன் பட்ட பாட்டை அவன் யாரிடமும் சொன்னதில்லை, நாமும் விட்டுவிடுவோம்.

கோழி லேசில் தன் நோவை வெளியே காட்டாது. காட்டினால் கூட்டத்திலிருக்கும் மற்றதெல்லாம் கொத்தியே கொன்றுவிடும் என்று அதற்குத் தெரியும். அது இறகை உப்பிக்கொண்டு மூலையில் தூங்கி விழுவதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும். அதனால்தான் குளிர்காலம் வந்தபோதெல்லாம் தெருவின் மாடிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நபவியாவின் மாடி மட்டும் கலகலவென்று கத்திக்கொண்டே இருந்தது. காலையில் கண் விழித்ததும் அவள் கணவனின் காது மடல் வெளுத்திருக்கிறதா, கண் நீர் விடுகிறதா என்று பார்ப்பாள்; வயிற்றுப்போக்கைப் பற்றியும் வெட்கமில்லாமல் கேட்பாள். பிறகு மாடியேறி, இளைத்து நெஞ்செலும்பு கூர்தட்டிய கோழியைத் தடவிக் கண்டுபிடித்து, பேரீச்ச மட்டைக் கூண்டில் தனியாக வைத்து, தனித் தண்ணீர் வைத்து, கையைக் கழுவிச் செருப்பை மாற்றிக்கொண்டுதான் மற்றவற்றிடம் போவாள். மகள் ரவிய்யாவின் படிப்பும் சீரும் அந்த முட்டைகளிலிருந்து வந்தவை. தெருவே அவளைக் கொண்டாடியது. ஷிஹாத்தாவுக்கோ காப்பிக்கடையில் கிடைத்த மரியாதை வேறு. "என்ன ஷிஹாத்தா, முட்ட போட்டாச்சா, இல்ல இன்னும் அடைதானா?" என்பார்கள். அவன் தும்மலையும் இருமலையும் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு போகப் பழகினான்.

ரவிய்யாவுக்குப் பிள்ளை பிறந்த ஏழாம் நாள் தாய்வீட்டில் விருந்து. ஊர் வழக்கப்படி குழந்தையைச் சல்லடையில் கிடத்தி, அதன் காதருகே பித்தளை உரலை இடித்து, பெயர் சொல்லியாயிற்று. கால்வாய்க்கு அக்கரையிலிருந்து ஷிஹாத்தாவின் அக்கா இன்ஷிராஹ் ஒரு ஜோடிக் கோழியோடு வந்தாள். சீராக வந்த கோழியைக் கொடுத்தவர் கண்முன்னே கட்டவிழ்த்து, தன் கோழிகளோடு கலந்துவிடுவதுதான் அந்த ஊர் மரியாதை. பிரித்து வைத்தால் உன் வீடு அழுக்கு என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. மற்ற நாளில் எத்தனை கறாராக இருந்தாலும் நாத்தனார் கோழிக்கு முன்னால் நபவியாவும் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் கை நீட்டி வாங்கிய கணத்தில் அவை அவளுடையவை ஆயின. ஷிஹாத்தாவின் கழுத்து இடப்பக்கம் திருக ஆரம்பித்தது.

அது என்ன நோய் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. கோழியின் கழுத்தைத் திருகிக் கொல்லும் கழிச்சல். மாடியோடு மாடி ஒட்டிய தெருவில் ஒரு கூட்டில் நுழைந்தால் எல்லாக் கூட்டையும் துடைத்துவிட்டுத்தான் போகும். காப்பிக்கடை ஆட்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் சால்வையை இறுக்கிச் சுற்றினான். தாடையைக் கையால் பிடித்து நேராக்கினான். தலையணை சரியில்லை என்று யாரும் கேட்காமலே சொல்லிவைத்தான். நபவியா மாடிப்படியில் கால் வைத்தாள். மேலே அவளுடைய கோழிகள் சத்தம் போட்டன. ஷிஹாத்தா சால்வையைக் கழற்றித் தரையில் போட்டான். தலை தோளுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றது.

"ஏறாத நபவியா. கோழியக் கீழ வை."

இன்ஷிராஹ் எழுந்துவிட்டாள். "எங்க வீட்டுக் கோழிக்குச் சீக்குன்னு சபையில சொல்றியாடா?"

"கோழிய ஒண்ணும் சொல்லலக்கா. என் கழுத்தப் பாரு."

எல்லோரும் பார்த்தார்கள். சிரிக்க வாயைத் திறந்த காப்பிக்கடைக்காரர்கள் அப்படியே மூடிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் மாடி இருந்தது. அக்கா சாப்பிடாமல் கிளம்பிப் போனாள். கோழிகளை ரயில்வே கேட் குடிசைக்கு நபவியா கொண்டுபோனாள். ஷிஹாத்தா அந்தக் கோணல் கழுத்தோடு, பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டு, தெருவின் நடுவில் நடந்தான். அவனைக் கண்ட பெண்கள் மாடிக்கு ஓடிக் கூட்டை மூடினார்கள். மறுநாள் இரண்டு கோழியும் கழுத்து திருகி, பச்சையாகக் கழிந்து, செத்தன. வழக்கம்போல் கால்வாயில் எறியாமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைத்தார்கள். கால்நடை ஆஸ்பத்திரிப் பெண் வந்து தெருக் கோழிகளுக்கெல்லாம் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். அந்தக் குளிர்காலம் ஒரு மாடியும் காலியாகவில்லை. கழுத்து நேரானபோது அவனுக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஒரு கோழியை நபவியாவுக்கென்று வாய்வார்த்தையாகக் கொடுத்துவைத்துத் தன் மாடியிலேயே வளர்த்தாள்; அதற்கு வரும் நோயும் முதலில் ஷிஹாத்தாவிடம் தெரிந்துவிடும். காப்பிக்கடையில் அவனுக்கு வாசலோர நாற்காலி கிடைத்தது. தெருவுக்கே தெரியும்படி அங்கே உட்கார்ந்து உரக்க இருமினான்.

கோடையில் இன்ஷிராஹ் கால்வாயைத் தாண்டி வந்தாள். அவள் மாடியில் ஒன்றும் மிஞ்சாமல் போய், புதிதாகக் குஞ்சு வாங்கி வளர்த்திருந்தாள். தம்பி முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஒரு பெட்டைய நபவியாவுக்குன்னு விட்டிருக்கேன். எங்கிட்டயே இருக்கட்டும்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, ஷிஹாத்தாவுக்கு அக்குள் அரிக்க ஆரம்பித்தது.

"செள்ளுப் பூச்சிக்கா," என்றான் சொறிந்துகொண்டே. "கூட்ட வெயில்ல போடு. சாம்பல்ல பொரள விடு."

சரிதான் என்று தலையாட்டிவிட்டு, கொஞ்சம் சாம்பல் கேட்டு நபவியாவின் அடுப்படிக்குப் போனாள் இன்ஷிராஹ்.