ஒன்பதாம் வரியில் ஒரு மூக்குக்கண்ணாடி

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. பெரிய பெருமாள் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவருக்குத் தெரியாமல் பொய் எழுத முடியாது. இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. யாருடைய பொறாமை என்று இப்போதே கேட்காதீர்கள்.

முதல் தொடக்கம்: நெடிய உருவமும் அடர்ந்த தலைமுடியும் கொண்ட ஜனார்தன், எவரையும்—

[அடித்துவிட்டேன். அந்த ஆளுக்கு இவ்வளவு முடி எதற்கு?]

இரண்டாம் தொடக்கம்: வழுக்கைத் தலையரான ஜனார்தன், தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் திருவெறும்பூரிலிருந்து பஸ் ஏறி, உத்தர வீதியில் ஸ்ரீனிவாசராகவன் வீட்டு மாடியில் கூடும் கவிதை வட்டத்துக்கு வருவார். ஸ்ரீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். அவர் மனைவி சத்யபாமா எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டுக் கடைசி நாற்காலியில் உட்காருவாள்.

2

அன்றைக்குப் பழைய காதல் சானெட்டுகளை அணி பார்த்து ஒப்பிடும் பாடம். இருப்பதே பதினான்கு வரி. இத்தாலிக்காரர்கள் எட்டு வரி புலம்பிவிட்டு ஒன்பதாவதில் பேச்சைத் திருப்புவார்கள். ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் கடைசி இரண்டு வரிவரை இழுத்தடிப்பார்கள். ஆனால் அணிகள் இரு தரப்புக்கும் ஒரே கடைச் சரக்கு என்றார் பேராசிரியர். கண் சூரியன், உதடு பவளம், காதலன் நெருப்பு, காதலி பனிக்கட்டி. ஒருத்திக்குத் தைத்ததை எவளுக்குப் போட்டாலும் அளவு சரியாக இருக்கும்.

பெயர் தெரியாத ஓர் இத்தாலிக் கவிஞரைத் தாமே தமிழாக்கியதாகச் சொல்லி ஜனார்தன் எழுந்து வாசித்தார். சூரியன் வந்தது, பவளம் வந்தது. ஒன்பதாம் வரியில் திரும்பியது:

*ஈர விரல் படாமல் புறங்கையால்*
*மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறாய்.*
*சூரியன் வெளியே நிற்கட்டும்.*

[அடிக்குறிப்பு: அந்தக் கால இத்தாலியில் காதலிகள் கண்ணாடி போட்டார்களா என்று வட்டத்தில் யாரும் கேட்கவில்லை. காபி அவ்வளவு நன்றாக இருந்தது.]

பேராசிரியர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். இது எவளுக்கும் பொருந்துகிற சரக்கு அல்ல. பாத்திரம் தேய்க்கும்போது அப்படிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்பவள் இந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

"இது என்ன அணி சார்?" என்றார் ஜனார்தன், பச்சைப்பிள்ளை போல.

"தன்மை நவிற்சி. இருப்பதை இருக்கிறபடியே சொல்றது" என்றார் பேராசிரியர். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் பாடத்தைத் தப்பாகச் சொல்ல அவருக்கு வராது.

கடைசி நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "நன்னா இருக்கே. இன்னொரு தரம் வாசிங்கோ."

பேராசிரியர் ஆயுள் முழுக்கக் கவிதை வாசித்திருக்கிறார். அவரை அவள் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னதில்லை.

3

அன்று சாயங்காலம் அவர் சமையலறை வாசலில் போய் நின்றார். தொட்டியடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்யபாமா புறங்கையால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

"என்ன அப்படிப் பாக்கறேள்?"

"ஒண்ணுமில்லை."

அந்த ஆள் காதலிப்பதுகூட அவருக்கு எரியவில்லை. அந்த ஆள் பார்த்திருக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து கூடவே இருந்தும் நான்—

[திருத்தம்: பேராசிரியர்.]

—பார்க்கவில்லை. ஜனார்தன் ஒரு திருடன், அது மொழிபெயர்ப்பே அல்ல என்று அவர் ஆரம்பித்தார்.

"இருக்கட்டுமே" என்றாள். "நீங்களும் என்னைப் பத்தி ஒண்ணு எழுதுங்கோளேன். வர ஞாயித்துக்கிழமை வாசிங்கோ. சூரியன் மட்டும் வேண்டாம். நன்னா இல்லேன்னா அவரையே இன்னொண்ணு வாசிக்கச் சொல்லிடறேன்."

4

முடிவு ஒன்று: ஞாயிறு காலை ஜனார்தன் வந்த பஸ் மாம்பழச்சாலையில் பழுதாகி நின்றது. இன்றும் நிற்கிறது. அவர் உள்ளேயே—

[வேண்டாம். மற்ற பயணிகள் என்ன பாவம் செய்தார்கள்?]

முடிவு இரண்டு: பேராசிரியர் எழுந்து நிற்கிறார். பதின்மூன்று வரி வாசித்தாகிவிட்டது. நிலா, தாமரை, முத்து. கடைசி நாற்காலியில் அவள் கொட்டாவியை மறைக்கிறாள். ஜனார்தன் சட்டைப்பையில் கை விடுகிறார். மிச்சம் ஒரு வரி.

அதை நீங்கள் எழுதிக் கொடுங்கள். அவளுக்கு மட்டும் பொருந்தவேண்டும். நான் எழுதினால் ஊரில் எல்லோருக்கும் பொருந்திவிடுகிறது. உங்களுக்கு உதவியாக, இப்போதுதான் சமையலறை வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, அவளைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

சத்யபாமா கண்ணாடி போடுவதில்லை.